நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை

இயேசு மரி சூசை துணை

பொம்மிடி,
13-1-2025, திங்கள்.

பேரன்பிற்குரிய சம்பந்தி சின்னப்பன் அவர்களுக்குப் பெரியநாயகம் எழுதிக்கொண்டது. ஆண்டவர் அருளால் இங்கு அனைவரும் சுகம். தாங்கள் சுகந்தானா, சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி தணிந்ததா என்று அறிய விரும்புகிறேன்.

9ஆம் தேதி வியாழன் காலை பிறந்த நம் பேரனும் ஜோஸ்பினும் 11ஆம் தேதி சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார்கள். பிறந்தபோது எடை இரண்டு கிலோ எண்ணூறு. மாப்பிள்ளை பிரவீன் ஞாயிறு மாலை ஓசூருக்கு வேலைக்குத் திரும்பினார். என் வலது காது பாதியும் இடது காது முழுவதும் ஓய்வு பெற்றுவிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். தொலைபேசியில் நீங்கள் ஒன்று சொல்ல நான் வேறொன்றுக்குப் பதில் சொல்லும் கூத்து வேண்டாம் என்றே இக்கடிதம்.

முதற்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. தாய் இல்லாத வீட்டிலும் அம்முறையைக் குறைவின்றி நடத்துவது என் கடமை. சமையலுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டவும் தீர்த்தம்மாள் என்ற பெண்மணியைப் பகல் நேரத்திற்கு அமர்த்தியிருக்கிறேன். பால் புகட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு வகுத்துள்ளேன். காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு என நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை. 1995இல் ஜோஸ்பின் பிறந்தபோது ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த முறை இது. என் மனைவி அமுதா இதை ஒரு நாளும் மீறியதில்லை. ஜோஸ்பினோ குழந்தை உதட்டைச் சுழித்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டு பணிபுரிந்தவன் வீட்டில் இப்படியா?

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வீட்டில் வேறு பெரியவர் இல்லாமையால், நானே குழந்தையின் நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தேன். தகவலுக்காக எழுதுகிறேன்.

தங்கள் நலம் நாடும்,
ம. பெரியநாயகம்


ஏரியூர்,
17-1-2025

அன்புள்ள சம்மந்திக்கு சின்னப்பன் எழுதுவது. நாங்கள் நலம். மிக்கேலம்மாள் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பொங்கலில் தபால் நின்று உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது.

சேனை வைத்ததைத் தகவல் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மந்தி, சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் ஆளை நிறுத்துவோம். பிரவீனுக்கு என் தாய்மாமன் வைத்தார். இவனுக்கு நான் வைப்பதென்று வயிற்றில் இருக்கும்போதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் பிடித்து வந்திருக்க மாட்டேனா? அப்படி என்ன அவசரம்?

மிக்கேலம்மாளுக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

"ஏனுங்க, ஆட்டுக்குட்டி மணி பாத்துட்டா மடிய முட்டுது? கொழந்த கேக்கறப்பல்லாம் குடுக்கணும். சேனையே இப்ப வேணாங்கறாங்க, இந்த மனுசன் அதையும் வெச்சிட்டு மணிக்கூண்டு மாதிரி நிக்கறாரு. பொம்பள இல்லாத வூட்டுல இவரு பிரசவம் பாக்கறாராமா?"

அவள் அப்படித்தான். ஆனால் யோசியுங்கள்.

அன்புடன்,
சின்னப்பன்


இயேசு மரி சூசை துணை

பொம்மிடி,
20-1-2025, திங்கள்.

பேரன்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, இவ்விடம் சுகம், தங்கள் சுகத்திற்கு வேண்டுகிறேன். தாங்கள் 17ஆம் தேதி எழுதியது இன்று காலை கிடைத்தது.

என் பேரனை ஆட்டுக்குட்டிக்கு ஒப்பிட்டதை நான் படிக்காததாகவே வைத்துக்கொள்கிறேன்.

சேனை குறித்துத் தாங்கள் வருந்துவது நியாயமே. ஆயினும் பலனைப் பாருங்கள். சென்ற புதன் முதல் குழந்தை ஒழுங்கிற்கு வந்துவிட்டான். அழுகை என்பதே இல்லை. ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் தூங்குகிறான். இரண்டு மணிப் பாலையும் தாண்டித் தூங்குகிறான் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்றுதானே பொருள்? எதற்கும் பதறாத குணம். அது யாருடைய குணம் என்று நான் எழுதப்போவதில்லை.

ஜோஸ்பின்தான் அவன் அமைதியைக் கெடுக்கப் பார்க்கிறாள். சட்டையைக் கழற்றுகிறாள், உள்ளங்காலைச் சுரண்டுகிறாள், ஈரத்துணியால் முகத்தைத் துடைக்கிறாள். "தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே அம்மா" என்று அதட்டினேன். அதன் பின் அவள் எழுப்பவில்லை. அட்டவணைப்படியே நடக்கிறாள். தன் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதும் இல்லை. முகம் வாடியிருக்கிறது. பிரசவித்த உடம்பு, ஓய்வு தேவைதான்.

17ஆம் தேதி வெள்ளியன்று சுகாதார நர்ஸ் பானுமதி குழந்தையின் எடை பார்க்க வந்தார். அவன் அப்போதுதான் அயர்ந்திருந்தான். "உறக்கத்தைக் கலைக்க வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று வாசலிலேயே கூறி அனுப்பிவிட்டேன். முன்னறிவிப்பின்றி வருவது இவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. தீர்த்தம்மாள் வேறு, "சாரு, பிள்ள மஞ்ச பூத்தாப்புல இருக்குது" என்கிறாள். வெயில் படாத அறை, அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன். எல்லோருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

தங்கள்,
ம. பெரியநாயகம்


ஏரியூர்,
22-1-2025

அன்புள்ள சம்மந்திக்கு, நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை வாய்வார்த்தையாக எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைக் கேட்டதிலிருந்து மிக்கேலம்மாள் சோறு வைத்த தட்டைத் தொடவில்லை. "அழாத கொழந்தைய பெருமையா எழுதறாரே! பசிக்கு அழறதுக்குக்கூடத் தெம்பு வேணுமில்ல? அவரு காதுக்குக் கேக்கலியா, பிள்ள நெசமாவே அழலியா, அத முதல்ல கேளுங்க" என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான் என்றும் கேட்கச் சொல்கிறாள். அதை வைத்துத்தான் பால் போதுமா என்று தெரியுமாம்.

மருமகளுக்குப் போன் போட்டோம். "நல்லா இருக்கோம் அத்தே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் குரல் சரியில்லை என்கிறாள் இவள். பிரவீனைக் கேட்டால் "ஒன்னும் இல்லம்மா, தூங்கறான்" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

பால் ஊறுகிறதா, குடிக்கிறானா என்று மருமகளிடம் நான் எப்படிக் கேட்பேன்? பெற்றவர் நீங்கள், நீங்கள் மட்டும் எப்படிக் கேட்பீர்கள்? இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து இதைக் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம், பாருங்கள். தீர்த்தம்மாளையாவது கேட்டு உடனே எழுதுங்கள்.

சின்னப்பன்


தருமபுரி ஆஸ்பத்திரி,
25-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் பரவாயில்லை. நீங்கள் காலையில் சாப்பிட்டீர்களா? ஆண்களை இந்த வார்டுக்குள் விடமாட்டார்கள். வராண்டா இரைச்சலில் நான் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது. அதனால்தான் தீர்த்தம்மாக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று பானுமதி சிஸ்டர் தராசில் வைத்தபோது நீங்கள் பார்த்த இரண்டு கிலோ நானூறு தவறில்லை. இங்கேயும் அதேதான். மஞ்சள் காமாலையும் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டுமாம். இவனைப் போல அசந்து தூங்குகிற பிள்ளையை மூன்று மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாதாம், எழுப்பித்தான் கொடுக்க வேண்டுமாம். வயிறு நிறைந்து தூங்கவில்லை அப்பா. குடிக்கத் தெம்பில்லாமல் தூங்கியிருக்கிறான்.

உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. எழுப்பாதே என்று நீங்கள் சொன்னபோது நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எனக்கு முதல் நாளிலிருந்தே புண். அவன் வாய் வைத்தால் உயிர் போகும். பிள்ளையைப் பிடித்துக்கொண்ட விதம் தவறு என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த பாலுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கிறது என்று உங்கள் அட்டவணையைப் பார்த்து நான் நிம்மதியாகப் படுத்திருக்கிறேன். பிள்ளை பசியில் கிடந்தபோது நான் கடிகாரத்துக்கு நன்றி சொன்னேன்.

இதை உங்களிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிப் போயிருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நான் காலேஜ் படிக்கும்போது அம்மா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னது. "உங்கப்பா டூட்டிக்குப் போற வரைக்கும்தான் அந்த டாக்டர் சொன்ன கணக்கு. அவரு படி எறங்கினதும் நீ கேட்டப்பல்லாம் குடுப்பேன்."

இப்போது பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கால் ஊட்டுகிறோம். காலையில் முழுங்கினான்.

உங்கள் மகள்,
ஜோஸ்பின்


தருமபுரி ஆஸ்பத்திரி வாசல்,
25-1-2025, சனி, பகல் 12.10.

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம். சாப்பிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் எழுதத் தொடங்கி மூன்று தாள் வீணாயிற்று. தீர்த்தம்மாள் காத்திருக்கிறாள்.

பிளாஸ்க்கின் மூடி நேற்றிலிருந்து திரும்பி வரவில்லை. கஞ்சி ஆறிவிடும். கேட்டு அனுப்பு. புண்ணுக்கு மருந்து கொடுத்தார்களா என்று எழுது. என்ன மருந்து என்பதையும் எழுது, வெளியே வாங்க வேண்டுமானால் வாங்கித் தருகிறேன். எழுதக் கூச்சமாக இருந்தால் தீர்த்தம்மாளிடம் சொல், அவள் என்னிடம் சத்தமாகச் சொல்வாள். யார் கேட்டாலும் பரவாயில்லை.

வாசல் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறேன்.

அவனை எழுப்பு. எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும் எழுப்பு.

அப்பா


ஏரியூர்,
29-1-2025

சம்மந்திக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிரவீன் போனில் எல்லாம் சொல்லிவிட்டான். 26ஆம் தேதி நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மரத்தடியில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் பேசாமல் உள்ளே போனேன். பேசியிருந்தால் நாலு பேர் கூடியிருப்பார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

எடை பார்க்க வந்த அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினீர்களே சம்மந்தி! அதை எனக்குப் பெருமையாக வேறு எழுதினீர்கள்! வீட்டுக்கு வந்த சம்மன்காரனா அவர்? மறு வாரமும் அவர் வராமல் போயிருந்தால்? ரயில் நேரத்துக்கு வரும், போகும். பசி உங்கள் பச்சைக்கொடிக்கு நிற்குமா?

முடிவாகச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆனதும் தாயும் பிள்ளையும் நேராக ஏரியூர் வரட்டும். மிக்கேலம்மாள் பார்த்துக்கொள்வாள். சாம்பல் புதனுக்கு முன்னால் இங்கே கோயிலில் ஞானஸ்நானமும் கொடுத்துவிடலாம். தவக்காலம் பிறந்துவிட்டால் சாமியார் வைக்கமாட்டார். முறை, வழக்கம் என்று நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.

சின்னப்பன்


இயேசு மரி சூசை துணை

பொம்மிடி,
3-2-2025, திங்கள்.

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, இங்கு சுகம். இந்தச் சொல்லை இம்முறை தராசைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். குழந்தை இரண்டு கிலோ அறுநூற்றைம்பது. 1ஆம் தேதி சனிக்கிழமை வீடு திரும்பினோம். தாங்கள் 22இல் எழுதிய கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. 29இல் எழுதியது இன்று வந்தது.

முதற் கடிதத்திற்குப் பதில்: நனையும் துணிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தீர்த்தம்மாளைக் கேட்டேன். அப்போது நாளுக்கு மூன்று. இப்போது கொடியில் என் வேட்டிக்கு இடமில்லை.

இரண்டாவது கடிதத்தில் நர்ஸைத் திருப்பி அனுப்பியது குறித்து எழுதியிருக்கிறீர்கள். அது என் குற்றம்.

இந்த வீட்டின் நிலை தாங்கள் மகிழும்படியாகவே உள்ளது. எதற்கும் நேரம் இல்லை. ஒரு மணிக்குக் குடித்தவன் இரண்டு மணிக்கு மறுபடி கேட்கிறான். காபி பதினொன்றுக்கு வருகிறது. ஜோஸ்பினை எதுவும் கேட்டால், "குடுத்துட்டு வரேன்ப்பா" என்ற ஒரே பதில். அதைத் தீர்த்தம்மாள் தெருவுக்கே கேட்கும்படி எனக்கு அறிவிக்கிறாள்.

ஏரியூருக்கு அனுப்புவது பற்றி ஜோஸ்பினைக் கேட்டேன். இந்த உடம்போடு பஸ்ஸில் வரமுடியாது என்கிறாள். அவள் சொல்வதைத்தான் இனி எழுதுவது என்று இருக்கிறேன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். வாக்கியம் சரியாக அமையாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் தீர்த்தம்மாள் இருக்கிறாள். மாலை ஆறுக்கு மேல் ஜோஸ்பினுக்கு வலித்தால் சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் நான் ஒருவன்தான். என்னிடம் சொல்ல அவளால் முடியவில்லை, கேட்க என்னாலும் முடியவில்லை. சம்பந்தியம்மாள் இங்கு வந்து சில காலம் தங்க வேண்டும். முறைப்படி இது தலைகீழ் என்பதை அறிவேன். என் அறையை ஒழித்துவிட்டேன், நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். முழங்காலுக்குக் கட்டிலும் சுடுநீரும் தயார்.

தங்கள்,
ம. பெரியநாயகம்


ஏரியூர்,
6-2-2025

அன்புள்ள சம்மந்திக்கு, நலம், நலமே விளைக.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள், "பொண்ணு வூட்டுக்கு மாமியா போயிப் பத்தியம் பாக்கறதா? ஊரு சிரிக்கும்" என்றாள். நானும் அதையே எழுத உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் துணிமணியை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டிருக்கிறாள். "சிரிச்சா சிரிக்கட்டும். அந்த மனுசன் கேட்டுட்டாரு இல்ல?"

10ஆம் தேதி திங்கட்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். அவள் ஒரு நிபந்தனை சொல்கிறாள். "சம்மந்தி மணிக்கணக்கு பேசினாருன்னா அடுத்த பஸ்ஸுக்கு ஏறிடுவேன்."

சாம்பல் புதன் மார்ச் 5. அதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். இங்கே இரண்டு கறவை மாடு, நான் ஒருத்தன்.

அன்புடன்,
சின்னப்பன்


ஏரியூர்,
24-2-2025

அன்புள்ள சம்மந்திக்கு,

நான் நலமில்லை. களி கிண்டத் தெரியாமல் கிண்டிக் கையைச் சுட்டுக்கொண்டேன். அவள் அங்கே வந்து இரண்டு வாரம் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதுகிற ஆள் நீங்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லையே?

அவளுக்குப் போன் போட்டால், "இருங்க, பிள்ளைக்கு ஏப்பம் எடுக்கணும்" என்று வைத்துவிடுகிறாள். சிவப்பு மாடு என்னைக் கண்டாலே உதைக்கிறது. ஞானஸ்நானம் ஈஸ்டருக்குப் பிறகு என்றாலும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிக்கேலம்மாளை என்றைக்கு அனுப்புவீர்கள்? தேதி போட்டு எழுதுங்கள். தேதிக்குப் பேர் போனவர் நீங்கள்.

சின்னப்பன்


இயேசு மரி சூசை துணை

பொம்மிடி,
27-2-2025, வியாழன்.

பேரன்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, இங்கு அனைவரும் நல்ல சுகம். தங்கள் கைப்புண் ஆறிற்றா? தேங்காயெண்ணெய் தடவவும். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் ஈரத்துணி, சுடுநீர், பாலாடை கழுவுதல் என்று யாராவது என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதும் கேட்பதில்லை. தோளில் தட்டுகிறார்கள். இவ்வளவு தட்டுகளை நான் பணிக்காலத்தில்கூட வாங்கியதில்லை.

குழந்தை இன்று மூன்று கிலோ முந்நூறு. பானுமதி வந்து பார்த்தார். அவர் வாசலில் நிற்குமுன் நானே நாற்காலி போட்டேன். அவர் உட்கார்ந்தார்.

தங்கள் துணைவியாரைப் பற்றி எனக்குப் பல முறையீடுகள் உண்டு. என் கூடத்தில் என்னையே "அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க" என்கிறார். நாளில் எத்தனை முறை பால் கொடுக்கிறார்கள் என்று அறிவதற்காகவே கேட்டேன். "எட்டுக்குக் கொறையல, அதுக்கு மேல எண்ணறதுக்கா பெத்துருக்கோம்?" என்றார். அவரும் ஜோஸ்பினும் அறைக்குள் எதையோ சொல்லிச் சிரிக்கிறார்கள். காரணம் கேட்டால் எனக்குத் தேவையில்லாத விஷயமாம். சென்ற மாதம் இதே கதவுக்குப் பின்னால் அவள் தனியாகக் கிடந்தாள். அப்போது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத்தான் நான் தங்களுக்கு மெச்சி எழுதினேன்.

தாங்கள் கேட்டது ஒரு தேதி. சம்பந்தியம்மாளைக் கேட்டேன். "உங்க பொண்ண கேளுங்க" என்றார். ஜோஸ்பின் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு இப்புறம் நின்று, அம்மா, அத்தையை என்றைக்கு அனுப்பலாம், ஏரியூருக்குத் தேதி எழுத வேண்டும் என்றேன். "பாக்கலாம்ப்பா" என்றாளாம். சம்பந்தியம்மாள் வெளியே வந்து எனக்கு உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"பாக்கலாம்" என்று எந்தக் கடிதத்திலும் நான் எழுதியதில்லை. மாதமா வாரமா என்று விளக்கம் கேட்கக் கதவருகே மறுபடியும் போனேன். தட்டவில்லை. குழந்தை குடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, தேதி: பாக்கலாம். அதுவரை மாடுகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாங்களும் இங்கே வந்துவிடுவது உத்தமம். கூடத்தில் இடமிருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ள எனக்கும் ஒரு துணை வேண்டும்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
ம. பெரியநாயகம்